பழைய ஹை-எண்ட் ஆம்பா, புதுசா? வடசென்னையில் வாங்குவோருக்கு

ஒரே பணத்துக்கு இரண்டு செட் கண்ணில் படும். ஒன்று, பெட்டி பிரிக்காத புது 45 வாட் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்), வாரண்டியோடு. இன்னொன்று, பதினெட்டு கிலோ கனத்தில், அலுமினிய முகப்போடு நிற்கும் இருபது வருடத்து ஜப்பான் செட். அது புதிதாக வந்தபோது இதே பணத்தைப்போல மூன்று மடங்கு கொடுத்தால்தான் கிடைத்திருக்கும். கையில் தூக்கிப் பார்த்ததும் மனசு பழையதின் பக்கம் சாயும். அது தப்பில்லை. ஆனால் விற்பவர் சொல்லும் விலையைப் புதுசின் விலையோடு நேராக வைத்துப் பார்ப்பது தப்பு. அந்தப் பழைய செட் உங்கள் வீட்டு கரண்டில், உங்கள் தெருக் காற்றில், ஒழுங்காகப் பாடும் நிலைக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும்? அந்தத் தொகையைத்தான் புதுசோடு ஒப்பிட வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ 10-க்கு 12 அடி ஹாலில் கேட்பவருக்கு 150 வாட் தேவைப்படாது. 87 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், 1 வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் சத்தம் தரும். பக்கத்து வீட்டுச் சுவரும் உங்கள் சுவரும் ஒன்றாக இருக்கும் தெருவில் அதுவே அதிகம். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் கூடும். மராண்ட்ஸ் பிஎம்6007 ஆம்ப் 8 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை; எண் குறைந்தால் ஆம்புக்குச் சுமை கூடும்) 45 வாட், யமஹா ஏ-எஸ்501 85 வாட். காகிதத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காதில் 3 டெசிபெல்லுக்கும் குறைவு.

வாட்டைவிட முக்கியம், 8 ஓமிலிருந்து 4 ஓமுக்கு வரும்போது செட் எவ்வளவு தாங்குகிறது என்பது. 8 ஓமில் 60 வாட்டும் 4 ஓமில் 110 வாட்டும் தருகிற செட்டில் ட்ரான்ஸ்ஃபார்மரும், கரண்டைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய ஹை-எண்ட் செட்டுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும்தான். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம், அதுவும் சென்சிட்டிவிட்டி குறைந்தது என்றால் பழைய பெரிய செட் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். 8 ஓம் சின்ன புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றால் அந்தக் கனத்தை நீங்கள் சும்மாதான் சுமக்கிறீர்கள்.

கிளாஸ் ஏ செட் (ட்ரான்சிஸ்டர்களில் எப்போதும் முழுக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும் வகை) மேல் ஆசை இருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். சேனலுக்கு 50 வாட் தரும் சுத்தமான கிளாஸ் ஏ, பாட்டே பாடாமல் இருக்கும்போதும் சுமார் 250 வாட் இழுக்கும். தினம் நாலு மணி நேரம் என்றால் ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 60 யூனிட். இலவச யூனிட்டில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். அந்த 250 வாட்டும் சூடாக ஹாலில்தான் இறங்குகிறது. மே மாதத்தில் அதை வெளியேற்ற ஏசி போட்டால் அது தனிக் கணக்கு. நம் ஊருக்கு, சும்மா இருக்கும்போது குறைவாக இழுக்கும் கிளாஸ் ஏபி-யே பொருத்தம்.

வோல்டேஜ்: பின்பக்கத் தகட்டை முதலில் படியுங்கள்

பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ கண்ணில் படும் ஜப்பான் உள்ளூர் மாடல்கள் 100 வோல்ட். இவற்றுக்கு 230-லிருந்து 100-க்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் கேட்டால் 110 வோல்ட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அது பத்து சதவீதம் அதிகம். ராத்திரி பத்து மணிக்குமேல் தெருவில் லோடு குறைந்து லைன் 245-க்கு ஏறினால், 110 என்று எழுதிய ட்ரான்ஸ்ஃபார்மர் 117 தரும். 100 வோல்ட் செட்டுக்கு அது நல்லதில்லை. 100 என்றே சொல்லிக் கேட்டு வாங்குங்கள், அல்லது சுற்றித் தரச் சொல்லுங்கள். தகட்டில் 300 வாட் என்று போட்டிருந்தால் 600 விஏ-வுக்கு (ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) குறையாமல் எடுங்கள். ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் விலை குறைவு, ஆனால் லைனுக்கும் செட்டுக்கும் இடையே தடுப்பு கிடையாது. பிரைமரியும் செகண்டரியும் தனித்தனியாகச் சுற்றிய ஐசொலேஷன் வகையே பாதுகாப்பு.

ஜப்பானில் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதி 60. அதனால் ஜப்பான் செட்டின் ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் தாங்கும்படிதான் இருக்கும். அமெரிக்க 120 வோல்ட் செட்டில் தகடு 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்றால் யோசியுங்கள். நம் 50 ஹெர்ட்ஸில் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் காந்த ஓட்டம் 20 சதவீதம் கூடும். சூடாகும், ‘உம்’ என்று முனகும். ஸ்டெப்-டவுன் போட்டாலும் ஹெர்ட்ஸ் மாறாது.

ஐரோப்பாவிலிருந்து வந்த 220 வோல்ட் பழைய செட்டைப் பலரும் ‘நம்ம ஊர் கரண்டுதானே’ என்று நேராகச் சொருகுகிறார்கள். உள்ளே நடப்பதைப் பாருங்கள். உதாரணத்துக்கு, பார்ட்களுக்குப் போகும் சப்ளை ரயில் 56 வோல்ட், ஃபில்டர் கண்டன்சரில் தாங்கும் உச்சமாக 63 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. லைன் 245-க்குப் போனால் 11 சதவீதம் உயர்வு. 56 என்பது 62 ஆகிவிடும். மிச்சம் ஒரு வோல்ட்கூடச் சரியாக இல்லை. நாற்பது வருடக் கண்டன்சர் அதில் எத்தனை நாள் நிற்கும்? உங்கள் வீட்டு பிளக்கில் காலை, மாலை, நள்ளிரவு என்று மூன்று வேளை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதே பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த் ஓட்டை சும்மா அழகுக்கு இருக்கும், பின்னால் கம்பியே போயிருக்காது. செட் மூன்று முள் பிளக் என்றால் எர்த்தைச் சரி செய்யாமல் போடாதீர்கள். ‘உம்’ சத்தம் வருகிறது என்று எர்த் முள்ளைப் பிடுங்கிவிடுவது உயிரோடு விளையாடுவது.

உப்பு, கந்தகம், வெள்ளம்

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. நமக்கு இதுதான் முதல் விஷயம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் வருடக்கணக்காக ஓடிய செட்டில் உப்புக் காற்று உள்ளே போயிருக்கும். பின்பக்க ஆர்சிஏ சாக்கெட்டில் (சிவப்பு, வெள்ளை ஆடியோ ஒயர் சொருகும் இடம்) பச்சை பூத்திருக்கிறதா, ஸ்பீக்கர் டெர்மினலின் திருகுக்குள் வெள்ளைப் பொடி இருக்கிறதா, ட்ரான்ஸ்ஃபார்மர் தகடுகளின் ஓரத்தில் துரு ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாக்கெட்டை மாற்றிவிடலாம். போர்டின் செப்புத் தடமே பச்சையானால் விட்டுவிடுங்கள்.

ஸ்பீக்கர் ரிலே என்பது செட்டைப் போட்டுச் சில வினாடி கழித்து ஸ்பீக்கரை இணைக்கும் ஸ்விட்ச். அதன் முனைகளில் பெரும்பாலும் வெள்ளிக் கலவை இருக்கும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைக்கும் அதே கந்தக வாயு அதையும் கறுக்கவைக்கும். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்துக் காற்று வீசும் இடங்களில் இது சீக்கிரமே வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அடையாளம் சுலபம். மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஒரு பக்கம் மங்கும் அல்லது நின்றுவிடும். வால்யூமைத் திடீரென ஏற்றினால் திரும்ப வந்துவிடும். பலர் இதைக் கேட்டதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். ரிலே மாற்றினால் தீர்கிற வேலை. விலை பேசும்போது உங்களுக்குச் சாதகமான குறை இது.

வெள்ளத்தில் நனைந்த செட்டை மட்டும் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் ஏறியது. 2023-ல் எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. வெளியே துடைத்து மினுக்கிவிடலாம்; ஆனால் அடித்தட்டின் திருகு மரைக்குள் வண்டல் நிற்கும், சேஸிஸின் உள்மூலையில் கோடு போட்டதுபோல மண் தடம் இருக்கும், ட்ரான்ஸ்ஃபார்மரின் காகிதச் சுற்று அலை அலையாக நெளிந்திருக்கும். மூடியைத் திறந்ததும் ஈர மண் வாசனை அடித்தால் அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

பல்லியும் கரப்பானும் இன்னொரு தொல்லை. காற்றோட்டத் துளை வழியாகச் சூட்டுக்கு உள்ளே வரும். கரப்பான் எச்சம் பட்ட இடத்தில் ஈயமும் செப்பும் அரிக்கும். செத்த பல்லி மெயின்ஸ் முனைகளுக்கு நடுவே கிடந்தால் ஃபியூஸ் போவதோடு நிற்காது.

பார்க்கப் போகும்போது

கொண்டுபோக வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், போனிலிருந்து ஆர்சிஏ-வுக்குப் போகும் ஒயர், போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஒரு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் லேம்ப் போர்டு (கரண்ட் ஒரு பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி அமைத்தது). பல்பு பழைய குண்டு பல்பாக, 100 வாட்டாக இருக்கட்டும். எல்இடி இதற்கு உதவாது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செட்டை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சில கோளாறுகள் குளிர்ந்த நிலையில்தான் தெரியும்.

பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். “ஃபுல்லா சர்வீஸ் பண்ணதுபா, நம்பி எடுத்துட்டுப் போ” என்பார்கள். “என்னென்ன மாத்தினீங்கண்ணே?” என்று கேளுங்கள். பார்ட் பெயர் சொல்லத் தெரிந்தவர் உண்மையிலேயே வேலை பார்த்திருப்பார். திருகுத் தலைகள் தேய்ந்திருக்கின்றனவா? ஈயம் வைத்த இடத்தில் பழுப்பு ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும் பசை) அப்படியே கிடக்கிறதா? ஒரு சேனலின் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஒரு மாதிரி, இன்னொரு சேனலில் வேறு மாதிரியா? அப்படியென்றால் ஒரு முறை வெடித்துப் போய், கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஃபியூஸையும் எடுத்துப் பாருங்கள். தகட்டில் 4 ஆம்பியர் என்று இருந்து உள்ளே 10 ஆம்பியரோ, கம்பி சுற்றியதோ இருந்தால் யாரோ ஒருவர் கோளாறைத் தேடாமல் ஃபியூஸைப் பெரிதாக்கியிருக்கிறார்.

கண்டன்சரின் தலை உப்பியிருந்தாலோ, அடியில் பிசுபிசுப்பு கசிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஆனால் எழுபது, எண்பதுகளின் ஜப்பான் செட்களில் பெரிய கண்டன்சரைப் போர்டோடு ஒட்டவைத்த பசையும் பழுப்பாகக் காணப்படும். அது கசிவல்ல. அதற்காக விட்டுவிடவும் முடியாது: வயதாக ஆக அந்தப் பசை கரண்டைக் கடத்தவும், பக்கத்து டையோடு, ரெசிஸ்டரின் கால்களை அரிக்கவும் தொடங்கும். சுரண்டி எடுப்பது பொறுமையான, நேரம் பிடிக்கும் வேலை. கூலியில் அதைச் சேருங்கள். உள்ளே எதையும் விரலால் தொடாதீர்கள். பிளக் கழற்றிய பின்னும் ஃபில்டர் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும்.

மூடியைப் போட்டு, ஸ்பீக்கர் மாட்டாமல், வால்யூமைச் சுழியத்தில் வைத்து, சீரியஸ் லேம்ப் வழியாகப் போடுங்கள். 100 வோல்ட் செட் என்றால் இதிலும் அடுத்த சோதனையிலும் ஸ்டெப்-டவுன் நடுவில் இருக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து ஓரிரு வினாடியில் மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட். அணைத்துவிடுங்கள், அத்தோடு சோதனை முடிந்தது. கிளாஸ் ஏ செட் மட்டும் இதற்கு விலக்கு. அது பல்பை எரியவைத்துக்கொண்டேதான் இருக்கும். பல்பு வழியே வோல்டேஜ் குறைவாகப் போவதால் ரிலே ‘டக்’ என்று பிடிக்காமல் இருக்கலாம். அது கோளாறில்லை.

அடுத்து பல்பு இல்லாமல் கரண்டில் போடுங்கள். சில வினாடிகளில் ரிலே சத்தம் வர வேண்டும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசி-யில் வைத்து, ஒவ்வொரு சேனலின் ஸ்பீக்கர் டெர்மினலிலும் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே அளவெடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் சரி. 100-க்குமேல் என்றால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது, சர்வீஸ் உறுதி. ஒரு வோல்ட் அளவில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது; கோளாறு முற்றினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் கருகிவிடும். எண் நிலையாக நிற்கிறதா என்றும் கவனியுங்கள். 20-ல் தொடங்கி 60, 15, 80 என்று அலைந்தால், ஈயம் விட்ட இடமோ இன்புட் ட்ரான்சிஸ்டரோ காரணமாக இருக்கும்.

இப்போது ஸ்பீக்கரை மாட்டி, வால்யூம் குமிழை, கடிகார முள் எட்டு, ஒன்பது மணி காட்டும் இடத்தில் வைத்துக் கேளுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கேட்கப் போகிறோம், பழைய வால்யூம் கண்ட்ரோலில் இரண்டு சேனலும் ஒத்துவராமல் போவதும் அங்கேதான். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ட்ரோலின் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது. ஸ்ப்ரே அதைத் திருப்பித் தராது. திருப்பும்போது ‘கொர கொர’ மட்டும் வந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்கவே அடிக்காதீர்கள். அது படலமாக நின்று தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லா இன்புட் ஸ்விட்சையும், டோன் கண்ட்ரோலையும், ஃபோனோவையும் (ரெக்கார்ட் பிளேயர் இன்புட்), ஹெட்போன் ஓட்டையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அரை மணி பாடிய பிறகு ஹீட் சிங்கின் இரண்டு பக்கமும் கை வையுங்கள். ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று கை வைக்க முடியாத சூடு என்றால் பயஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) அளவு தப்பிப் போயிருக்கிறது. பயஸை மெக்கானிக் எமிட்டர் ரெசிஸ்டரில் அளப்பார். 0.22 ஓமின் குறுக்கே 10 மில்லிவோல்ட் என்றால் 45 மில்லிஆம்பியர் ஓடுகிறது. சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அது கிடைக்காத மாடலுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்க வேண்டும்.

தொடக் கூடாதவை

சில செட்களின் பெயர் பெரிதாக இருக்கும். ஆனால் உயிர், கிடைக்காத ஒரு பார்ட்டில் இருக்கும். சோனி டிஏ-5650, டிஏ-8650, யமஹா பி-1 போன்றவற்றில் இருக்கும் வி-ஃபெட் என்ற தனிவகை ட்ரான்சிஸ்டர் இன்று புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஒன்று போனால் இன்னொரு செட்டைக் கொன்றுதான் எடுக்க வேண்டும். எஸ்டிகே ஐசி (அவுட்புட் பகுதி ஒரே பார்ட்டாக அடங்கியது) வைத்த செட்டுக்கும் ஒரிஜினல் தேடுவது கஷ்டம். போலி நிறைய ஓடுகிறது. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடிபோல எல்லாரும் பயன்படுத்தும் ட்ரான்சிஸ்டர்களிலும் போலி உண்டு. உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு சின்னதாக இருப்பதால் மெதுவாகப் பாடும்வரை தாங்கி, சத்தம் ஏற்றும் முதல் நாளில் போகும். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பார்ட் தேடிப் போகிறவர்கள், வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டாம்.

பழைய ஏவி ரிசீவரை (ஹோம் தியேட்டருக்கான பல சேனல் ஆம்ப்), எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐ போர்டு முதலில் போகும், மாற்றுப் போர்டு கிடைக்காது, அதில் இருக்கும் டிகோடரும் காலம் கடந்தது. பழையதாக வாங்கினால் இரண்டு சேனல் ஸ்டீரியோவாக வாங்குங்கள்.

புதுசின் பக்கம்

புதுசுக்கு வாரண்டி இருக்கிறது, ரிமோட் இருக்கிறது, டிவியிலிருந்து ஆப்டிகல் இன்புட் இருக்கிறது, 230 வோல்ட்டுக்கே செய்தது. ஸ்பீக்கரையும் இப்போதுதான் முதன்முறையாக வாங்குகிறீர்கள், கையில் மீட்டர் பிடிக்கத் தெரியாது, நம்பிக்கையான மெக்கானிக்கும் பக்கத்தில் இல்லை என்றால் தயங்காமல் புதுசு எடுங்கள். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். சத்தத்தின் குணத்தை ஆம்பைவிட ஸ்பீக்கர்தான் அதிகம் மாற்றும்.

வாங்கும்போது கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையா, பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கையில் வந்த பெட்டிக்கு இங்கே வாரண்டி செல்லாமல் போகலாம். புதுசின் பலவீனம் ஸ்டாண்ட்பை சப்ளை. ரிமோட்டில் அணைத்தாலும் அது இருபத்து நாலு மணி நேரமும் லைனில் நிற்கிறது. கரண்ட் போய் வரும்போது அடி முதலில் அதற்குத்தான். சுவர் ஸ்விட்சையே அணைத்து வையுங்கள்.

கணக்கு

ஓர் உதாரணம். நீங்கள் பார்க்கும் பழைய செட்டின் தரத்துக்குச் சமமான புதுசு 80,000 ரூபாய் என்று வையுங்கள். பழையதற்கு 38,000 கேட்கிறார்கள். ஸ்டெப்-டவுனுக்கு 5,000. கண்டன்சர், ரிலே, கூலி சேர்த்து 9,000. மொத்தம் 52,000, புதுசில் 65 சதவீதம். எங்கள் கோடு அங்கேதான். அதற்குமேல் போனால் புதுசே லாபம், ஏனென்றால் பழையதில் அடுத்த ரிப்பேர் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. 50 சதவீதத்துக்குள் நின்று, சோதனைகளிலும் தேறினால் பழையதை எடுங்கள்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வருடம் ஆன செட்டுக்குப் பெரும்பாலும் சுத்தம் செய்வதே போதும். இருபது தாண்டினால் கண்டன்சர் செலவைக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும். காரணம் இது: 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதிய கண்டன்சர், பத்து டிகிரி குறையக் குறைய இரண்டு மடங்கு உழைக்கும். செட்டுக்குள் 55 டிகிரி என்றால் 16,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் பாடினால் சுமார் பதினோரு வருடம். மாற்றும்போது அதே 2,000 மணி நேரத்தில் 105 டிகிரி வகையைப் போட்டால் அதே சூட்டில் 64,000 மணி நேரம் வரும். நாற்பது வருடச் செட்டை, மீட்டெடுக்கும் வேலையில் ஆசை உள்ளவர் மட்டும் எடுக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பார்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு குலுக்கலில் போர்டைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆட்டோவின் பின்சீட்டில், அடிப்பக்கம் கீழே இருக்கும்படி, பழைய போர்வை மடித்து வைத்துக் கொண்டுவாருங்கள். மழைநாளில் வந்தால் மறுநாள்வரை போடாமல் உலரவிடுங்கள்.

மேலே பத்து சென்டிமீட்டர் இடைவெளி, கண்ணாடிக் கதவு இல்லாத தட்டு. அழகுக்காக மேலே துணி விரித்து பொம்மை வைக்கும் வழக்கம் ஆம்புக்கு ஆகாது; மூச்சு அடைத்துவிடும். காற்றுத் துளைகளில் பல்லி நுழையாதபடி பின்பக்கம் மெல்லிய வலை கட்டலாம், மேல்பக்கம் கூடாது. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் அதில் ஆம்பை ஓட்டாதீர்கள், ட்ரான்ஸ்ஃபார்மர் முனகிச் சூடாகும். கடலோரத் தெருவில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை எல்லா ஸ்விட்சையும் இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பி, ஆர்சிஏ பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். படிந்த படலம் உரசிப் போகும். டிசி அளவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதி, ஃபியூஸின் சரியான ஆம்பியரையும் அதிலேயே குறித்து, செட்டின் அடியில் ஒட்டி வையுங்கள்.